அலுமாரிக்குள் இருக்கும் ஆரோக்கியம்

பொழுதுபோக்கு என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சித் தொடரும் தொலைபேசிக் கதையும்தான். ஆனால் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள எமது வீடுகளை ஒருமுறை கூர்ந்து பார்த்தால், சத்தமில்லாமல் இன்னொரு பொழுதுபோக்கும் நடந்துகொண்டிருப்பது தெரியவரும். ஒரு வீட்டில் முத்திரைக் கொப்பிகள். இன்னொரு வீட்டில் இலங்கை, இந்திய, கனடிய நாணயக்குற்றிகள் நிரம்பிய பிஸ்கற் ரின். வேறொரு வீட்டின் பேஸ்மென்ற்றில் எண்பதுகளில் பதிவு செய்த பாட்டுக் கசெற்றுகள், கல்யாண வீடியோக்கள், கோவில் மலர்கள். வரவேற்பறையில் பித்தளைக் குத்துவிளக்குகளின் வரிசை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், போன ஊர்களிலெல்லாம் வாங்கிய காந்த வில்லைகள். பேரப்பிள்ளைகளின் அறையில் ஹொக்கி அட்டைகளும் போக்கிமொன் அட்டைகளும். சேர்ப்பது எதுவானாலும் சேர்க்கும் ஆசை ஒன்றுதான்.

பிள்ளைகள் சேர்த்தால் அதை 'ஹொபி' என்கிறோம். வயது போனவர்கள் சேர்த்தால் மட்டும் அது குப்பையாகிவிடுகிறது. "அப்பா, உந்தக் குப்பையளை எப்ப எறியப் போறியள்?" என்ற கேள்வி கேட்காத தமிழ் வீடு இந்த நகரில் குறைவு.

இதையெல்லாம் சுகாதாரப் பக்கத்தில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு பற்றி இப்பக்கத்தில் நிறைய எழுதியாகிவிட்டது. வீட்டிலுள்ள முதியவரின் சேகரிப்பும் அவரது சுகத்தின் ஒரு பகுதி என்பதும், அதை அவரைக் கேளாமல் அப்புறப்படுத்துவது அவரது உடலையும் மனதையும் பாதிக்கக்கூடிய செயல் என்பதும் எமது கருத்து. அதேவேளை, சேகரிப்பு என்ற பெயரில் வீட்டையே ஆபத்தான இடமாக்கிக் கொள்வதையும் நாம் ஆதரிக்கவில்லை. இரண்டையும் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

முதலில் நல்ல பக்கம். 2023 ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' என்ற மருத்துவ ஆய்விதழில், 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரின் தகவல்களை ஒன்றுசேர்த்த ஓர் ஆய்வு வெளியானது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், மகிழ்ச்சியும் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதலாகவும் இருப்பதாக அந்த ஆய்வு காட்டியது. நாடு வேறானாலும் முடிவு பெரும்பாலும் ஒத்தே இருந்தது. சுகமாக இருப்பவர்களுக்குத்தான் பொழுதுபோக்கில் நாட்டம் வரும், ஆகவே எது காரணம், எது விளைவு என்று இப்படியான ஆய்வு ஒன்றைக்கொண்டு முற்றாக நிறுவ முடியாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். முத்திரை சேர்த்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது அல்லவா?

ஆனாலும் எமது முதியோரின் நாளாந்த வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை பனியும் வழுக்கலும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம். தொடர்மாடியின் பதினெட்டாம் தளத்தில் ஒருவர் தனியே இருக்கிறார். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அப்படியான ஒரு நீண்ட பகலில், யன்னலோரம் கதிரையைப் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு முத்திரைகளை ஆண்டுவாரியாக அடுக்குவது ஒரு வேலை. தொடங்க ஒரு காரணம், நாளைக்குத் தொடர ஒரு மிச்சம். வைத்தியர்கள் எழுதித்தர முடியாத மருந்து இது.

இதில் நினைவின் பங்கு முக்கியமானது. மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்த சம்பவங்களே முதுமையில் அதிகம் நினைவில் நிற்கின்றன என்பது உளவியலாளர் நன்கு அறிந்த விடயம். இலங்கையின் சதுர வடிவ ஐந்து சதக் குற்றியை ஒரு ஐயாவின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஓரம் நெளிந்த இரண்டு சதத்தையும் பத்துச் சதத்தையும் பக்கத்தில் வையுங்கள். நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மறந்தவர்கூட, அந்தச் சதத்துக்குக் கடையில் என்ன வாங்கலாம், கடைக்காரரின் பெயர் என்ன, அவர் எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்பது வரை சொல்லத் தொடங்குவார். 1971 இல் வெளிவந்த ஆறுமுக நாவலர் முத்திரையை எடுங்கள். அதில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றே இருக்கும், ஏனென்றால் பெயர் மாறியது 1972 மே மாதத்தில்தான். பேரப்பிள்ளைக்கு நாவலரையும் அரசியல் யாப்பையும் ஒரே முத்திரையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கனடிய ஒரு சதக் குற்றியையே எடுத்துக்கொண்டாலும், அதன் விநியோகம் 2013 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. இன்று ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு பழம்பொருள்தான்.

ஒரு சிறு இடைச்செருகல். பழைய ஒரு டொலர், இரண்டு டொலர் தாள்கள் 2021 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து கடையில் செல்லாது. ஆனால் கனடிய மத்திய வங்கி அவற்றின் பெறுமதியை இன்றும் தரும். ஆகவே அம்மம்மாவின் கைப்பைக்குள் இருப்பதை அவசரப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள்.

முதியவர்கள் பழையதைப் பேசுவது நோயின் அடையாளம் என்றே மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதியது. 1963 இல் அமெரிக்க மனநல மருத்துவர் றொபேட் பட்லர் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான, தேவையான வேலை என்றார். அதன் வழியில் வளர்ந்ததுதான் பழைய படங்களையும் பொருள்களையும் கையில் கொடுத்து நினைவுகளைப் பேசவைக்கும் முறை. மறதிநோய் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பயன் தருகிறது என்று கொக்ரேன் அமைப்பு 2018 இல் ஆராய்ந்தபோது, பயன் உண்டு, ஆனால் சிறியது, எங்கே எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுபடுகிறது என்று கண்டது. எமக்கு இது போதும். பக்கவிளைவில்லாத, செலவில்லாத ஒன்றிலிருந்து சிறிய பயன் கிடைத்தாலும் அதை ஏன் விடவேண்டும்?

அப்படியிருக்க, நாம் செய்வது என்ன? வீடு விற்கும்போதும், மார்க்கத்தில் இருந்து சிறிய கொண்டோவுக்கு மாறும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவையோ அம்மாவையோ முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்போதும், ஒரு சனிக்கிழமையில் பெரிய குப்பைத் தொட்டியை வாசலில் இறக்கி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். இல்லத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு கட்டிலும் ஒரு சிறு அலுமாரியும். அதற்குள் நாற்பது வருடச் சேகரிப்பு அடங்காது என்பது உண்மைதான். ஆனால் எதை வைத்திருப்பது என்று தெரிவுசெய்யும் உரிமையையும் சேர்த்தல்லவா தொட்டிக்குள் போட்டுவிடுகிறோம்! வீட்டை இழந்து, ஊரை இழந்து, துணையை இழந்து வந்த ஒருவருக்கு, கடைசியாக இருந்த ஒன்றையும் தம் கையால் பிரித்துக் கொடுக்கும் வாய்ப்பு மறுக்கப்படுகிறது. இல்லத்துக்குப் போன முதல் மாதங்களில் பலர் உணவை மறுக்கிறார்கள், பேச்சைக் குறைக்கிறார்கள். அதற்குக் காரணம் பல. அவற்றில் இதுவும் ஒன்று என்பது எமது எண்ணம்.

இதை நல்லவிதமாகச் செய்து காட்டிய ஒருவரின் சேகரிப்பு எமது நகரிலேயே இருக்கிறது. கொலேஜ் வீதியில் உள்ள லிலியன் ஸ்மித் நூலகக் கிளைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள ஒஸ்போர்ன் சிறுவர் நூல் தொகுப்பைத் தெரிந்திருக்கும். எட்கர் ஒஸ்போர்ன் இங்கிலாந்தின் டாபிசயர் மாவட்ட நூலகர். அவரும் மனைவி மேபலும் தங்கள் குழந்தைப் பருவத்தில் வாசித்த புத்தகங்களைத் தேடித் தேடி வீட்டில் சேர்த்தார்கள். 1934 இல் ரொறன்ரோ வந்தபோது இங்குள்ள சிறுவர் நூலகச் சேவையைக் கண்டு வியந்தார்கள். மேபல் 1946 இல் காலமானார். 1949 இல் ஒஸ்போர்ன் சுமார் 2,000 புத்தகங்களை மனைவியின் நினைவாக ரொறன்ரோ பொது நூலகத்துக்கு அன்பளிப்புச் செய்தார். இன்று அது உலகப் புகழ்பெற்ற தொகுப்பு. நாம் கவனிக்க வேண்டியது அந்தப் புகழையல்ல. மனைவியை இழந்த மனிதர் ஒருவர், இருவரும் சேர்ந்து சேர்த்ததை, தாம் உயிரோடும் தெளிவோடும் இருக்கையிலேயே, தமக்குப் பிடித்த இடத்தில், தம் கையாலே ஒப்படைத்தார். துக்கத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் இருக்குமா என்பது சந்தேகமே. அதே கட்டிடத்தில் உள்ள அறிவியற் புனைகதைத் தொகுப்பும் அப்படித்தான் தொடங்கியது. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970 இல் தமது சொந்தச் சேகரிப்பான சுமார் 5,000 நூல்களையும் இதழ்களையும் நூலகத்துக்குக் கொடுத்தார். புளோர் வீதியில் 1995 இல் திறக்கப்பட்ட பாட்டா காலணி அருங்காட்சியகம்கூட, சோன்யா பாட்டா அம்மையார் தனிப்பட்ட முறையில் சேர்க்கத் தொடங்கிய காலணிகளில் இருந்து வளர்ந்ததே.

அவர்களெல்லாம் வசதி படைத்தவர்கள், நூலகர்கள், எழுத்தாளர்கள். எமது வீட்டில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் ரோஜா முத்தையா. பழைய புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் வீட்டில் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994 இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவானது. எமது மண்ணில் குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகைகளையும் நறுக்குகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர். அவற்றை நுண்படச் சுருள்களிலும் பதிந்து வைத்தவர். 1981 இல் யாழ். பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பிறகு, எமது வீட்டு அலுமாரிகளில் தப்பியிருப்பவற்றின் பெறுமதி என்ன என்பதை வேறு யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எமது வீடுகளுக்கே உரிய ஒரு சேகரிப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதுதான் கல்வெட்டு. 31 ஆம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கப்படும் நினைவு மலர்களைத்தான் சொல்கிறோம். செத்தவீட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சிலர் அன்றே எறிந்துவிடுவார்கள். ஆனால் பல வீடுகளில் அம்மம்மா ஒருவர் அவற்றை ஒன்றுவிடாமல் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். அந்தப் பெட்டி ஒரு மருத்துவப் பதிவேடு என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

கனடாவில் குடும்ப வைத்தியரிடம் போனதும் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா?" என்பது. இளவயது என்று அவர்கள் கருதுவது, ஆண்களில் 55 வயதுக்கு முன், பெண்களில் 65 வயதுக்கு முன். தகப்பன், தாய், கூடப்பிறந்தவர்கள் ஆகியோரில் ஒருவருக்கு அப்படி வந்திருந்தால் உங்கள் ஆபத்தைக் கணிக்கும் முறையே மாறுகிறது. எம்மில் பெரும்பாலானோர் சொல்லும் பதில், "தெரியாது, ஊரில திடீரெண்டு மோசம் போனவர்" என்பதே. கல்வெட்டை எடுங்கள். முதற் பக்கத்திலேயே தோற்றமும் மறைவும் திகதியோடு இருக்கும். கழித்துப் பார்த்தால் வயது வந்துவிடும். பின்பக்கத்தில் வம்சாவழி இருக்கும். யார் யாருக்குச் சகோதரர், யார் யாருக்குப் பிள்ளை என்று தெளிவாக அறியலாம். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் "சலரோகத்தால் நீண்டகாலம் அவதியுற்று" என்றோ "சிறுநீரகம் செயலிழந்து" என்றோ ஒரு வரி சில வேளைகளில் கிடைக்கும். தகப்பனும் சித்தப்பாவும் ஐம்பதைத் தாண்டாமல் போயிருக்கிறார்கள் என்பது மூன்று கல்வெட்டுகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். நீரிழிவும் இதயநோயும் எமது தென்னாசிய சமூகத்தில் கூடுதலாகவும் இளவயதிலும் வருகின்றன என்பது தெரிந்த விடயம். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மம்மாவும் பேத்தியும் ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்து, பெயருக்குப் பக்கத்தில் வயதையும் தெரிந்த நோயையும் எழுதினால், அடுத்தமுறை வைத்தியரிடம் கொண்டுபோக அதைவிட நல்ல கடதாசி இல்லை. பெட்டி போய்விட்டால் இதை வேறெங்கும் தேடிப் பெறுவது கடினம். இடப்பெயர்வுகளில் எமது வைத்தியசாலைப் பதிவுகளுக்கு என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். 2010 செப்ரெம்பர் 24 ஆம் திகதி, எமது மக்கள் நிறையப்பேர் முதன்முதலில் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில், வெலஸ்லி வீதி கிழக்கு 200 ஆம் இலக்கத் தொடர்மாடியில் 24 ஆம் தளத்தில் தீப்பிடித்தது. சுமார் 1,200 பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பலர் திரும்ப நாட்கணக்கில் அல்ல, வாரங்களும் மாதங்களும் ஆயின. மேல்மாடியில் இருந்து வீசப்பட்ட சிகரெட் துண்டு ஒரு பல்கணியில் விழுந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கூறியது. அந்த வீட்டிலும் பல்கணியிலும் அளவுக்கு மீறி அடைந்திருந்த கடதாசிகளும் சாமான்களும் தீயைக் கட்டுக்கடங்காமல் ஆக்கின. சிகரெட் துண்டு விழுவது எவருடைய கையிலும் இல்லை. பல்கணியில் என்ன இருக்கிறது என்பது எமது கையில் இருக்கிறது.

சேகரிப்பவர் வேறு, அடைத்து வைப்பவர் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேட்டில், பொருள்களை அடைத்து வைப்பதைத் தனியான ஒரு நோயாகவே முதன்முறையாக வகைப்படுத்தியது. பெறுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையும் விடமுடியாமை, விட நேர்ந்தால் கடும் வேதனை, சமையலறையில் சமைக்கவோ கட்டிலில் படுக்கவோ முடியாத அளவுக்கு வீடு அடைபடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சேகரிப்பவர் ஆளைக் கண்டால் கொப்பியைத் திறந்து காட்டுவார். அடைத்து வைப்பவரோ கதவையே திறக்கமாட்டார். வீட்டுக்கு ஒருவரும் வரவேண்டாம் என்று அவர் சொல்லத் தொடங்குவதுதான் நாம் கவனிக்க வேண்டிய முதல் மணி.

"நாங்கள் பஞ்சத்தில வளர்ந்தனாங்கள், அதுதான் எதையும் எறிய மனம் வராது" என்று எம்மவர் சொல்வதுண்டு. வறுமைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் பெரிய இழப்புகளையும் அதிர்ச்சிகளையும் கண்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உள்ளன. 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு, கையில் அகப்பட்டதோடு நடந்த சமூகம் நாம். இப்படியானவர்களைப் பரிகசிப்பதும், அவர்கள் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து வீட்டைத் துப்புரவாக்குவதும் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. சில மாதங்களில் வீடு மறுபடி நிறைந்துவிடும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் திரும்ப வராது. சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை இதற்கு உண்டு. குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள், அல்லது 211 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழில் உதவி வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இதுவரை ஒழுங்காக இருந்த ஒருவர் எழுபது வயதுக்கு மேல் திடீரென்று வெறும் பொலித்தீன் பைகளையும் கடதாசித் துடைப்பான்களையும் ஒளித்து வைக்கத் தொடங்கினால், அது மறதிநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அதை மரியாதையாக, ஆனால் தாமதிக்காமல், வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒழுங்கான சேகரிப்பும் சுகத்தைக் கெடுக்கலாம், வைக்கும் இடம் பிழையென்றால். எமது வீடுகளில் எல்லாம் போய்ச் சேருமிடம் பேஸ்மென்ற்தான். சீமெந்துத் தரையில் நேரே வைத்த கடதாசிப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கும். தொய்வு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது. வீட்டின் ஈரப்பதன் கோடையில் சுமார் 50 வீதமும் குளிர்காலத்தில் சுமார் 30 வீதமும் இருக்குமாறு பார்க்கும்படி கனடிய சுகாதார அமைச்சு சொல்கிறது. அதை அளக்கும் சிறு கருவி கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பெட்டிகளைத் தட்டில் ஏற்றுங்கள், சூடாக்கும் உலையில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். படிக்கட்டில் ஒன்றையும் அடுக்காதீர்கள். கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுதோறும் 20 முதல் 30 வீதமானோர் விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்தபின் பழைய நடைக்குத் திரும்பாதவர்கள் பலர்.

நப்தலீன் உருண்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலைக்கும் புத்தகத்துக்கும் அதைப் போடுவது எமது பரம்பரைப் பழக்கம். ஜீ-6-பி-டி என்ற நொதியம் குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் செங்கண்மாரியை உண்டாக்கக்கூடும். இந்தக் குறைபாடு தென்னாசியரிடமும் காணப்படுகிறது. அந்தப் பெட்டியில் வைத்த துணியால் பிறந்த குழந்தையைச் சுற்றாதீர்கள். மணிக்கூடு சேர்ப்பவர்கள் பொத்தான் வடிவ பற்றரிகளைப் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் எரிந்து புண்ணாகலாம். அப்படி நேர்ந்தால் உடனே 911.

புதுச் சப்பாத்துகளும் விலையுயர்ந்த மணிக்கூடுகளும் சேர்க்கும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று: கடனட்டையில் வட்டி ஏறும்போது நித்திரை போகும். அதற்கு மேல் அவர்கள் எம்மிடம் கேட்கப்போவதுமில்லை.

வீட்டில் வைத்திருக்க முடியாதவற்றை எங்கே கொடுப்பது? 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்கள், இதழ்களோடு நினைவு மலர்களையும் வருடி இணையத்தில் வைக்கிறது. பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை, ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். முக்கியமாக, கொடுப்பவர் அவராகவே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் அவர் கையெழுத்திலேயே எழுதுவியுங்கள். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும், அல்லது தொலைபேசியில் குரலைப் பதியட்டும். இல்லத்துக்குப் போகும்போது ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுக்கு அவர் தெரிவுசெய்ததை உடன் அனுப்புங்கள். அங்குள்ள தாதிமாருக்கு அது என்ன என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி மூடியில் ஒட்டுங்கள். பாஷை தெரியாத தாதிக்கும் ஐயாவுக்கும் இடையே பேச ஒரு பொருளாவது இருக்கும்.

எமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். முதியோர் ஒன்றுகூடலில் இரத்த அழுத்தம் பார்க்கிறோம், யோகாசனம் செய்கிறோம், வடையும் தேநீரும் கொடுக்கிறோம். மாதத்தில் ஒரு மணித்தியாலத்தை ஓர் அங்கத்தவரின் சேகரிப்புக்கு ஒதுக்கலாமே. ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கொண்டுவருபவர் பேசட்டும், மற்றவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். தன்னார்வ மணித்தியாலம் தேவைப்படும் உயர்தரப் பள்ளி மாணவர்கள் படமெடுத்து விபரங்களைப் பதியலாம். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு இருவர் போய் அங்கேயே பார்த்து வரலாம். தனியே இருப்பவர் ஒருவரைப் பார்க்கப் போக இதைவிட நல்ல சாட்டு வேண்டுமா?

வருபவர்கள் ஒரு தடவைக்கு மூன்று பொருள்களுக்கு மேல் கொண்டுவர வேண்டாம், இல்லையென்றால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். நாணயக்குற்றிகளைப் புளி போட்டு மினுக்காதீர்கள், அழுக்கோடே கொண்டுவாருங்கள். பேரப்பிள்ளைகளின் ஹொக்கி அட்டைகளுக்கும் மேசையில் இடமுண்டு. நப்தலீன் மணக்கும் பெட்டியை மட்டும் தயவுசெய்து வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.